இருபது நிமிடத்தில் செத்துப்போகும் தண்ணீர்: அமோனியா ஸ்க்ரப்பர் வாங்குவதற்கு முன்

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டையில் சிறிய ரசாயன யூனிட் நடத்துகிறேன். ரியாக்டர் வென்ட், ஃபில்டருக்கு மேலுள்ள ஹூட் இரண்டையும் ஒரே டக்டில் சேர்த்திருக்கிறோம். மணிக்கு 1500 கன மீட்டர் காற்று, 35 டிகிரி வெப்பம், அதில் அமோனியா கொள்ளளவில் 1 சதவீதம். அதில் 99 சதவீதத்தைப் பிடித்தாக வேண்டும். ஒரு ஃபேப்ரிகேட்டர் ஸ்க்ரப்பருக்கு, அதாவது காற்றைத் தண்ணீரால் கழுவும் கருவிக்கு, கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்: 400 மி.மீ. விட்டத்தில் டவர், அதற்குள் 1.5 மீட்டர் உயரத்துக்கு 25 மி.மீ. பாலிப்ராப்பிலீன் பால் ரிங் (காற்றும் தண்ணீரும் உரசிப் போவதற்காக நிரப்பும் சிறு வளையங்கள், பேக்கிங் என்பது இதைத்தான்), அடியில் 500 லிட்டர் தொட்டி, அந்தத் தண்ணீரையே மணிக்கு 5 கன மீட்டர் வீதம் சுற்றிவிடும் பம்ப், மேலே ஒரு ஸ்ப்ரே நாசில். விலை கட்டுப்படியாகிறது. வாங்கலாமா? விட்டத்தையும் உயரத்தையும் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வாங்காதீர்கள். விட்டம் போதாது, உயரமும் போதாது. ஆனால் இரண்டையும் கூட்டிக் கொடுத்தாலும் இந்த அமைப்பு வேலை செய்யாது. காரணம், கொட்டேஷனில் யாரும் கவனிக்காத அந்த 500 லிட்டர் தொட்டி. அதை முதலில் பார்த்துவிட்டு டவருக்கு வருவோம்.

35 டிகிரியில் ஒரு கிலோமோல் காற்று சுமார் 25.3 கன மீட்டர் இடம் பிடிக்கும். ஆகவே உங்கள் 1500 கன மீட்டர் என்பது மணிக்கு 59.3 கிலோமோல். அதில் ஒரு சதவீதம் அமோனியா என்றால் 0.593 கிலோமோல், எடையில் மணிக்கு சுமார் 10 கிலோ. இந்தப் பத்து கிலோவும் தண்ணீருக்குள் போய் எங்காவது தங்க வேண்டும்.

அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பது பள்ளிப் பாடம். அந்தப் பாடம் சொல்லாமல் விட்டது, கரைந்த அமோனியா திரும்பவும் வெளியே வரப் பார்க்கும் என்பது. தண்ணீரில் இருக்கும் அமோனியாவின் மோல் பின்னத்தை (மொத்த மூலக்கூறுகளில் அதன் பங்கை) ஓர் எண்ணால் பெருக்கினால், அந்தத் தண்ணீருக்கு மேலே காற்றில் சமநிலையில் நிற்கும் அமோனியாவின் மோல் பின்னம் கிடைக்கும். நீர்த்த கரைசலில் அந்த எண் 20 டிகிரியில் சுமார் 0.76, 30 டிகிரியில் 1.2, 40 டிகிரியில் 1.9. புத்தகக் கணக்குகள் பெரும்பாலும் 20 டிகிரியில் போடப்பட்டவை. ராணிப்பேட்டைக் கோடையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் 33 டிகிரிக்குக் குறையாது, 1.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இப்போது தொட்டி. உள்ளே வரும் காற்றில் 1 சதவீதம் அமோனியா. அதோடு சமநிலைக்கு வந்துவிட்ட தண்ணீரில் எடையளவில் சுமார் 0.67 சதவீதம் அமோனியா இருக்கும். 500 லிட்டரில் அது 3.4 கிலோ. மணிக்குப் பத்து கிலோ வந்துகொண்டிருக்கும்போது இருபதே நிமிடத்தில் தொட்டி அந்த நிலைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு டவரின் உயரம் பத்து மீட்டராக இருந்தாலும் ஒரு கிராம்கூட ஏறாது.

உண்மை நிலை இன்னும் மோசம். வெளியேறும் காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) மட்டுமே இருக்க வேண்டுமென்றால், டவரின் உச்சியில் ஊற்றும் தண்ணீரில் லிட்டருக்கு 67 மில்லிகிராமுக்கும் குறைவாகவே அமோனியா இருக்க வேண்டும். 500 லிட்டருக்கு அது 34 கிராம். பன்னிரண்டு விநாடியில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஆரம்பித்த சில நிமிடங்களில் சோதனை செய்து காட்டினால் எல்லாம் நன்றாகத் தெரியும். மதியத்துக்கு மேல் பக்கத்துக் கம்பெனியிலிருந்து போன் வரும். வெறும் தண்ணீரைச் சுற்றிவிடும் அமோனியா ஸ்க்ரப்பர்கள் பலவற்றின் கதை இதுதான்.

ஆகவே இரண்டு வழிகளே மிச்சம். ஒன்று, புதுத் தண்ணீரை மேலே ஊற்றி அடியில் வெளியேற்றிவிடுவது. மற்றது, சுற்றும் தண்ணீரில் அமிலம் சேர்த்து, கரைந்த அமோனியா திரும்பி வர முடியாதபடி கட்டிப்போடுவது.

முதல் வழியின் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் வடிவமைப்பின் முறை அதில்தான் தெளிவாகத் தெரியும். டவரின் அடியிலிருந்து வெளியேறும் தண்ணீர், உள்ளே வரும் காற்றோடு சமநிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டால் தேவைப்படும் தண்ணீர்தான் மிகக் குறைந்த அளவு. உங்களுக்கு அது ஒரு கிலோமோல் காற்றுக்கு 1.39 கிலோமோல் தண்ணீர், அதாவது மணிக்கு சுமார் 1470 கிலோ. அந்த அளவில் ஓட்டினால் டவரின் உயரம் முடிவிலிக்குப் போய்விடும். ஒன்றரை மடங்கு எடுப்பது வழக்கம்: மணிக்கு 2200 கிலோ. தண்ணீர் ஓட்டத்தை காற்றோட்டமும் அந்த 1.4-உம் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் உறிஞ்சல் காரணி 1.49 வரும்.

அடுத்தது பரிமாற்ற அலகுகளின் எண்ணிக்கை, அதாவது காற்றிலிருந்து அமோனியாவைப் பிரிக்கும் வேலை எவ்வளவு கடினம் என்பதன் அளவு. உறிஞ்சல் காரணியின் தலைகீழி 0.673, ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.327. உள்ளே வரும் செறிவுக்கும் வெளியேறும் செறிவுக்கும் உள்ள விகிதம் 100. 0.327-ஐ 100-ஆல் பெருக்கி, 0.673-ஐக் கூட்டி, வருவதற்கு இயல் மடக்கை எடுத்து, 0.327-ஆல் வகுத்தால் 10.7 அலகுகள். 25 மி.மீ. பிளாஸ்டிக் பால் ரிங்கில், இவ்வளவு குறைந்த தண்ணீர் ஓட்டத்தில், ஓர் அலகுக்கு சுமார் 0.6 மீட்டர் பேக்கிங் தேவை. மொத்தம் 6.4 மீட்டர், பாதுகாப்புக்கு 7 மீட்டர் என்று வையுங்கள். கொட்டேஷனில் இருப்பது 1.5 மீட்டர். அந்த 1.5 மீட்டரில் புதுத் தண்ணீரையே ஊற்றினாலும் பிடிபடுவது 80 சதவீதம்தான்.

ஏழு மீட்டர் டவர் கட்டுவதற்குப் பணம் இருக்கிறது என்றாலும் வேண்டாம் என்பேன். மணிக்கு 2200 லிட்டர் வெளியேறுகிறது. அதில் லிட்டருக்கு 4500 மில்லிகிராம் அமோனியா, நைட்ரஜன் கணக்கில் 3700. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இந்தியாவில் உள்ள பொது வரம்பு, அமோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 50 மில்லிகிராம். எட்டு மணி நேரத்தில் 17 கன மீட்டருக்கு மேல், வரம்பைப் போல எழுபது மடங்குக்கும் அதிகமான தண்ணீர். காற்றில் இருந்த தொல்லையைத் தண்ணீரில் மாற்றி வைத்ததாகத்தான் முடியும். அந்த நீர்த்த அமோனியாத் தண்ணீரை உங்கள் ரியாக்டரிலேயே திரும்பப் பயன்படுத்த முடியும் என்றால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம்.

இன்னொன்று: போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால், அமோனியா கரைந்ததும் பிஹெச் ஏறி, கால்சியம் கார்பனேட் பேக்கிங்கின் மேல் படியும். டவரைத் திறந்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும்.

அதனால் சல்பியூரிக் அமிலம்.

அமிலத்தில் அமோனியா அமோனியம் அயனியாக மாறிவிடுகிறது. அயனிக்கு ஆவியழுத்தம் இல்லை, எனவே தண்ணீரிலிருந்து திரும்பி வரும் அமோனியா கிட்டத்தட்ட பூஜ்யம். அப்போது பரிமாற்ற அலகுகளின் எண்ணிக்கை 100-இன் இயல் மடக்கை மட்டுமே: 4.6. தடை முழுவதும் காற்றுப் பக்கத்துப் படலத்தில் இருப்பதாலும், சுற்றோட்டத்தைத் தாராளமாக வைத்து பேக்கிங்கை நன்றாக நனைக்க முடிவதாலும், ஓர் அலகின் உயரமும் குறைகிறது. கணக்கில் 0.35 மீட்டருக்குள் வருகிறது, நான் 0.45 எடுப்பேன், ஏனென்றால் புதுப் பாலிப்ராப்பிலீன் தண்ணீரைத் தள்ளும், தாமரை இலை மாதிரி. முதல் சில வாரங்கள் அதன் மேற்பரப்பில் பாதிகூட நனையாது. 4.6-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 2.1 மீட்டர். 2.5 மீட்டர் வையுங்கள். கணக்குப்படி அது 40 பிபிஎம்முக்கு வரும், அதாவது சாதாரண நிலையில் (0 டிகிரி, ஒரு வளிமண்டல அழுத்தம்) கன மீட்டருக்கு சுமார் 30 மில்லிகிராம். நீங்கள் கேட்ட 99 சதவீதம் என்பது 100 பிபிஎம், கன மீட்டருக்கு 76 மில்லிகிராம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையில் உங்களுக்கு எந்த எண் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சதவீதத்தில் பேசாமல் அந்த மில்லிகிராம் எண்ணில் பேசுங்கள்.

அமிலத்தின் செலவையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ அமோனியாவுக்கு 2.88 கிலோ சல்பியூரிக் அமிலம். மணிக்குப் பத்து கிலோவுக்கு 98 சதவீத அமிலம் 29 கிலோ, சுமார் 16 லிட்டர். கிடைப்பது மணிக்கு 39 கிலோ அமோனியம் சல்பேட். கரைசலை 20 சதவீதத்தில் நிறுத்தினால் மணிக்கு 175 லிட்டர் வெளியே எடுக்க வேண்டும். ஆவியாதலையும் சேர்த்து 200 லிட்டர் போல புதுத் தண்ணீர் போதும். 2200 லிட்டர் எங்கே, இது எங்கே! அமோனியம் சல்பேட் உரம் என்பதால் அதற்கு வாங்குபவர் கிடைப்பார், ஆனால் உங்கள் ரியாக்டரிலிருந்து வேறு கரைப்பான்களோ கரிமப் பொருள்களோ கூடவே வருமானால் அது உரமாகாது, கழிவுதான். அதை ஆய்வகத்தில் பார்த்துவிட்டு விற்பனையைப் பற்றி யோசியுங்கள்.

செலவைக் குறைக்கும் உண்மையான இடம் ஸ்க்ரப்பரே இல்லை. ஹூட் காற்றில் 1 சதவீதம் அமோனியா என்பது அதிகம். ரியாக்டர் வென்ட்டில் ஒரு கண்டென்சர், ஃபில்டருக்கு ஒரு மூடி. இவை பத்து கிலோவை ஐந்தாக்கினால் அமிலமும் பாதியாகும்.

இப்போது விட்டம். இங்கே தீர்மானிப்பது ஃப்ளடிங்: மேலே போகும் காற்று, கீழே வரும் தண்ணீரைப் பிடித்து நிறுத்திவிடும் நிலை. ஒவ்வொரு பேக்கிங்குக்கும் ஒரு பேக்கிங் காரணி உண்டு, அது பெரிதாக இருந்தால் காற்றுக்குத் தடை அதிகம். 25 மி.மீ. பிளாஸ்டிக் பால் ரிங்குக்கு அது மீட்டருக்கு சுமார் 170, 38 மி.மீ.க்கு 130, 50 மி.மீ.க்கு 82. திரவ, வாயு எடை ஓட்டங்களின் விகிதத்தை அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் வரும் எண்ணை வைத்துப் பொது அழுத்த இழப்பு வரைபடத்தில் ஃப்ளடிங் கோட்டைப் பார்க்க வேண்டும். உங்கள் காற்றின் எடை மணிக்கு 1710 கிலோ, அடர்த்தி கன மீட்டருக்கு 1.14 கிலோ. மணிக்கு 5 கன மீட்டர் திரவத்தோடு அந்த எண் சுமார் 0.1.

400 மி.மீ. டவரில் காற்றின் வேகம் விநாடிக்கு 3.3 மீட்டர். இந்தப் பேக்கிங்கின் ஃப்ளடிங் வேகத்தைவிட அது மூன்றில் ஒரு பங்கு அதிகம். தண்ணீர் பேக்கிங்குக்குள்ளேயே தேங்கி, டவர் கொப்பளிக்கும்; ஃபேன் திணறும்; டக்டில் இழுப்பு செத்து, அமோனியா ஹூட்டிலிருந்து உங்கள் ஆட்களின் முகத்துக்கு வரும். ரிங்கை 50 மி.மீ.க்கு மாற்றினாலும் ஃப்ளடிங்கில் 90 சதவீதத்தைத் தாண்டித்தான் நிற்கும். போதாததற்கு, விட்டம் ரிங்கைப் போல எட்டு மடங்கே இருப்பதால் தண்ணீர் சுவரோரமாக ஒழுகிப்போகும்.

500 மி.மீ.க்கு வேகம் 2.1 மீட்டர். ஃப்ளடிங்கில் எண்பத்தைந்து சதவீதத்தை ஒட்டி வரும். காகிதத்தில் ஓடும்; பேக்கிங்கில் கொஞ்சம் உப்பு படிந்ததும் நின்றுவிடும். 600 மி.மீ. எடுங்கள்: வேகம் 1.47 மீட்டர், ஃப்ளடிங்கில் 55 முதல் 60 சதவீதம், அழுத்த இழப்பு மீட்டருக்கு 25 மி.மீ. தண்ணீர் அளவு. 5 கன மீட்டர் சுற்றோட்டத்தை 0.283 சதுர மீட்டரில் ஊற்றினால் சதுர மீட்டருக்கு மணிக்கு 17.7 கன மீட்டர். பாலிப்ராப்பிலீன் நனைய இது போதும். பேக்கிங் 0.71 கன மீட்டர் தேவை. ஓடத் தொடங்கியபின் கொஞ்சம் அமுங்கும் என்பதால் 0.75 வாங்கி மிச்சத்தை வையுங்கள்.

டவரின் உயிர் உண்மையில் பேக்கிங்கில் இல்லை, அதன் மேலும் கீழும் இருக்கும் உறுப்புகளில் இருக்கிறது. 1836-இல் இங்கிலாந்தில் வில்லியம் காஸேஜ் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகையைப் பிடிக்கக் கட்டிய டவரில் சுள்ளிகளைத்தான் நிரப்பினார். நனைந்த பரப்பு இருந்தால் சுள்ளியும் வேலை செய்யும். நனையாத பரப்பு எந்த விலை கொடுத்து வாங்கினாலும் பயன் இல்லை.

உங்கள் கொட்டேஷனில் இருக்கும் ஒற்றை நாசில் அந்த வகையில் பலவீனமான இடம். 90 டிகிரி முழுக்கூம்பு நாசில் என்றால் 600 மி.மீ. டவரில் பேக்கிங்குக்கு மேல் சரியாக 300 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். கொஞ்சம் உயர்த்தினால் தண்ணீர் சுவரை நனைக்கும், தாழ்த்தினால் நடுவில் மட்டும் விழும். பம்பின் அழுத்தம் குறைந்தால் கூம்பும் சுருங்கும். அடைத்துக்கொண்டால் டவர் முழுவதும் வறண்டுவிடும். அதற்குப் பதில் ஏணி மாதிரிக் குழாய் விநியோகி கேளுங்கள்: நடுவில் ஒரு தாய்க்குழாய், இருபுறமும் கிளைகள், கீழ்நோக்கி 6 மி.மீ. துளைகள் 24. சதுர மீட்டருக்கு 80 புள்ளிகளுக்கு மேல் வருகிறது, போதும். ஒவ்வொரு துளையிலும் மணிக்கு 200 லிட்டருக்குச் சற்று மேல் போகும், அதற்கு 0.6 மீட்டர் திரவ உயரம் போதும். துளையை 3 மி.மீ.க்குக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டலாமே என்று ஃபேப்ரிகேட்டர் சொல்வார். ஒரு மாதத்தில் பாதித் துளை உப்பால் அடைத்திருக்கும். பம்புக்கு முன்னால் 2 மி.மீ. ஸ்ட்ரெய்னர் வையுங்கள். விநியோகியை மட்டம் பார்த்துப் பொருத்துவது அவசியம், அதைக் கழற்ற ஒரு ஃப்ளான்ஜும் மேன்ஹோலும் கேட்டு வாங்குங்கள். 2.5 மீட்டர் படுகைக்கு நடுவில் மறுவிநியோகி தேவையில்லை.

பேக்கிங்கைத் தாங்கும் தட்டில் பலர் ஏமாறுகிறார்கள். பாலிப்ராப்பிலீன் ஷீட்டில் துளை போட்டுத் தட்டையாக வைத்தால் திறந்த பரப்பு 35, 40 சதவீதம்தான் வரும். அதன் மேல் ரிங்குகள் உட்கார்ந்து துளைகளையும் மூடும். அப்போது ஃப்ளடிங் பேக்கிங்கில் தொடங்காது, தட்டில் தொடங்கும்; 600 மி.மீ. டவர் 400 மி.மீ. போல நடந்துகொள்ளும். காற்று மேடுகளின் பக்கவாட்டில் ஏற, தண்ணீர் பள்ளங்களில் இறங்கும் அலைவடிவத் தாங்கி வாங்குங்கள். பேக்கிங்குக்கு மேலே ஒரு பிடிப்பு வலையும் வேண்டும்: பாலிப்ராப்பிலீன் தண்ணீரில் மிதக்கும், ஒருமுறை ஃப்ளடிங் ஆனால் ரிங்குகள் எழும்பி விநியோகிக்குள் புகுந்துவிடும். உச்சியில் 150 மி.மீ. தடிமனில் வலைத் திண்டு வைத்தால் துளிகள் வெளியே போகாது.

காற்று நுழையும் 250 மி.மீ. குழாய் தாங்கித் தட்டுக்கு 400 மி.மீ. கீழே இருக்கட்டும், உள்முனையைக் கீழ்நோக்கி வெட்டிவிடுங்கள். ஃபேனை டவருக்குப் பின்னால், சுத்தமான பக்கத்தில் வையுங்கள். அப்போது டவருக்குள் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் இருக்கும், மூட்டில் கசிவு இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும். ஆனால் அடித்தொட்டியின் வழிவுக் குழாய்க்குத் தண்ணீர்ப் பூட்டு (காற்று நுழையாதபடி தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) வேண்டும். 200 மி.மீ. இழுப்புக்கு 350 மி.மீ. பூட்டு. பூட்டு இல்லையென்றால் ஃபேன் வெளிக்காற்றை அந்தக் குழாய் வழியே உறிஞ்சும். ஹூட்டில் இழுப்பு போய்விடும், காரணம் யாருக்கும் புரியாது.

அழுத்தக் கணக்கு, மி.மீ. தண்ணீர் அளவில், இப்படி: பேக்கிங்கில் 65, தாங்கியிலும் விநியோகியிலும் 15, வலைத் திண்டில் 25, டக்ட்டிலும் ஹூட்டிலும் 50 வரை. ஃபேனை 200 மி.மீ.க்கு வாங்குங்கள்; 3 குதிரைத்திறன் மோட்டார் தாராளம். பம்புக்கு மணிக்கு 5 கன மீட்டர், 15 மீட்டர் உயரம். கரைசலின் அடர்த்தி 1.12 என்பதை ஆர்டரில் எழுதுங்கள், தண்ணீருக்குத் தேர்ந்தெடுத்த மோட்டார் சூடாகும். காந்த இயக்கப் பாலிப்ராப்பிலீன் பம்ப் பொருத்தம், ஆனால் அது வறண்டு ஓடினால் நிமிடங்களில் கெட்டுவிடும், ஆகவே தொட்டியில் தாழ்மட்ட சுவிட்ச் கட்டாயம்.

டவருக்குப் பாலிப்ராப்பிலீன், அதன் மேல் எஃப்.ஆர்.பி., அதாவது கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக். எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகு தாங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடர் அமிலத்தைவிட நீர்த்த சல்பியூரிக் அமிலம்தான் அதை அரிக்கும். நேர்மாறாக, 98 சதவீத அமிலம் பாலிப்ராப்பிலீனை மெல்ல மெல்லக் கெடுக்கும். அதனால் அமிலத்தை ஊட்டும் டோசிங் லைன் மட்டும் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) குழாயாக இருக்கட்டும். அமிலம் சுற்றோட்டக் கரைசலின் ஓட்டத்துக்குள், முங்கிய குழாய் வழியாகப் போய்ச் சேர வேண்டும். தொட்டியின் சுவரோரம் சொட்டவிட்டால் அந்த இடம் சூடேறி வெல்டு விட்டுவிடும். வினையின் வெப்பம் மணிக்கு 80,000 கிலோஜூல், அதாவது 22 கிலோவாட். இதில் பெரும்பகுதியைத் தண்ணீர் ஆவியாகிக் காற்றே கொண்டுபோய்விடும். இருந்தாலும் தொட்டியில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும்.

பிஹெச் விஷயத்தில் கறாராக இருங்கள். கரைசலில் 20 சதவீத அமோனியம் சல்பேட் சேர்ந்தபின், பிஹெச் 7 ஆகிவிட்டால், அதன் மேல் சமநிலையில் நிற்கும் அமோனியா தோராயமாக 800 பிபிஎம். பிஹெச் 6-இல் 80. பிஹெச் 5-இல் 8. நடுநிலைதானே, பரவாயில்லை என்று தோன்றும் 7-இல் உங்கள் ஸ்க்ரப்பர் செத்துப்போயிருக்கும், புது அமோனியாவைப் பிடிக்காதது மட்டுமில்லை, பிடித்ததையும் திருப்பிக் கொடுக்கும். கட்டுப்பாட்டை 4-இல் வையுங்கள், 5-இல் அலாரம். 2-க்குக் கீழே இறக்குவதால் உறிஞ்சல் கூடாது, அமிலம்தான் கழிவோடு போகும். மணிக்கு 30 லிட்டர் வரை தரும் டோசிங் பம்ப் போதும். பிஹெச் புரோபை தொட்டியில் தேங்கிய மூலையில் போடாமல் பம்பின் டிஸ்சார்ஜில் எடுத்த சின்னப் பக்கவழியில் வையுங்கள், வாரம் ஒருமுறை கழுவி, பிஹெச் முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் சரிபாருங்கள். இந்த அமைப்பில் முதலில் பொய் சொல்லப்போவது அந்தப் புரோப்தான்.

அடர்த்தியை ஹைட்ரோமீட்டரால் பார்த்தே கரைசலை வெளியே எடுங்கள்: 20 சதவீதத்துக்கு 1.115 அளவு. 30 சதவீதத்தைத் தாண்டினால் இரவில் நிறுத்தும்போது குழாய்களிலும் விநியோகித் துளைகளிலும் வறண்டு படிகம் கட்டும். நிறுத்துவதற்கு முன் ஃபேனை அணைத்துவிட்டுப் பம்பை மட்டும் பத்து நிமிடம் ஓட்டுவது நல்லது. அமில முறையிலும் கடினத் தண்ணீர் தொல்லைதான், இங்கே ஜிப்சம் படியும். 200 லிட்டர்தானே, சாஃப்ட்னர் தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் யூனிட்டில் ஹைட்ரோகுளோரிக் அமில வென்ட் ஏதாவது இருந்தால் அதை இந்த டக்டில் சேர்க்காதீர்கள். இரண்டும் காற்றிலேயே கலந்து அமோனியம் குளோரைடு வெண்புகையாகும். அந்தத் துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. பேக்கிங்கும் பிடிக்காது, வலைத் திண்டும் பிடிக்காது. சிம்னியில் வெள்ளைப் புகை தெரியும், ஸ்க்ரப்பர் மேல் பழி விழும்.

பேக்கிங்குக்கு மேலும் கீழும் குழாய் எடுத்து ஒரு யூ குழாய் மானோமீட்டர் மாட்டுங்கள்; முந்நூறு ரூபாய்ப் பொருள் போல அற்பமாகத் தெரியும், ஆனால் டவருக்குள் நடப்பதை அது ஒன்றுதான் சொல்லும். புதிதில் 60 முதல் 70 மி.மீ. காட்டும். மாதக்கணக்கில் மெல்ல ஏறினால் உப்போ ஜிப்சமோ படிகிறது. திடீரென ஏறி ஆடினால் ஃப்ளடிங். திடீரென 30-க்கு இறங்கினால் பம்ப் நின்றது அல்லது விநியோகி அடைத்தது, பேக்கிங் வறண்டு ஓடுகிறது. முதல் நாள் எண்ணை டவரின் மேலேயே பெயின்டால் எழுதிவையுங்கள்.

ஆர்டரில், சிம்னியில் அமோனியா கன மீட்டருக்கு இத்தனை மில்லிகிராமுக்கு மேல் போகாது என்று எழுதி வாங்குங்கள். கூடவே சோதனை எந்த நிலையில் என்பதையும்: காற்று 1500 கன மீட்டர், அமோனியா 1 சதவீதம், தொட்டியில் 20 சதவீத சல்பேட் சேர்ந்த பிறகு, தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓடியபின். புதுத் தண்ணீரோடு முதல் பத்து நிமிடத்தில் எடுக்கும் அளவீட்டை ஏற்க வேண்டாம்.